மேற்கண்ட அனைத்தும்

சமோசாத் தட்டை நீட்டியபோதே அஜீஸுன்னிசாவுக்குத் தெரிந்துபோயிற்று, இன்றைக்கும் காரியம் ஆகப்போவதில்லை என்று. காரியம் ஆகிற இடத்தில் எவன் சமோசா கொடுக்கிறான்? வெங்காயம் உரித்த கூலியை வாங்கக் கடைக்காரர்கள் வாசலுக்கு நடையாய் நடந்து பழகியவள் அவள். நிற்க வைத்துப் பேசினால் ஏதோ ஒரு பதில் வரும். நாற்காலி போட்டு, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, டீ சாப்டுறீங்களா என்று கேட்டுவிட்டால் முடிந்தது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

“சாப்டுங்கம்மா, சூடா இருக்கு” என்றார் ராயப்பராஜ். காலேஜின் ஆன்லைன் பட்டப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

“எனக்கு வேணாம் சார். வெங்காயம் உரிச்ச கை. எதைத் தொட்டாலும் அந்த வாடைதான் வரும். எம் பிள்ளை ரிசல்ட்டு என்னாச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

“நிறுத்தி வச்சிருக்கு.”

“அதைத்தான் போன வாரமும் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும் சொன்னீங்க. எதுக்கு நிறுத்தி வச்சிருக்குன்னு இல்ல கேக்குறேன்.”

ராயப்பராஜ் சமோசாவைப் பார்த்தார், சமோசா அவருக்குப் பதில் எடுத்துக் கொடுக்கும் என்பதுபோல. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். ‘வீட்டிலிருந்தே பட்டம்’ என்று எழுதி, ஒரு பெண் புல்தரையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப் பளபளவென்று ஒரு பெண்ணைப் பேகம்பூரில் எந்தத் தெருவிலும் அஜீஸுன்னிசா பார்த்ததில்லை. புல்தரையையும் பார்த்ததில்லை.

“வேடசந்தூர் மில்லு ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலைக்குப் பிள்ளையை எடுத்துட்டாக சார். திங்கக்கிழமைக்குள்ள பட்டம் முடிச்சதுக்குச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டாந்து காட்டணும். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுருவாக. ஒரே ஒரு பரீட்சையால நிக்கிது. கொஞ்சம் எரக்கம் காட்டுங்க.”

அந்தக் காலேஜுக்கு வாசல் வளைவில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. தோல்காரவுக காலேஜ் என்றால்தான் ஆட்டோக்காரனுக்கே தெரியும். அந்தக் காலத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடங்கள் கடைசிப் பெஞ்சில் போட்டன. சில இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நாற்றம் அடிக்கிறதாம்! நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தண்ணீரிலும் நிற்கிறவன் வீட்டில் அத்தர் வாசமா அடிக்கும்? அந்த ரோஷத்தில்தான் தோல் முதலாளிகள் சிலர் சேர்ந்து, வேலைக்காரர்களும் கூலியை விட்டுக்கொடுத்துக் கல் சுமந்து, அந்தக் காலேஜைக் கட்டினார்கள். முஸ்லிம் பிள்ளைகளும், கூடவே தொட்டியில் நின்ற தலித் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அஜீஸுன்னிசாவின் மாமனார் அங்கே கல் சுமந்தவர். ராயப்பராஜின் அப்பா அதே தொட்டியில் நின்றவர். அதை இரண்டு பேருமே அறிவார்கள். அதனால்தான் அவரால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

“இங்க வாங்கம்மா. நீங்களே பாருங்க” என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

திரையில் அவள் மகள் ஃபாயிஸாவின் முகம் இருந்தது. வீட்டுப் பின்னறையின் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் தெரிந்தது. பரீட்சை எழுதிய அன்றைக்கு எடுத்த வீடியோ.

அது வைகாசி மாதம், அக்கினி வெயில் முடிந்தும் முடியாத சமயம். அஜீஸுன்னிசாவின் வீட்டில்தான் பிரியாணிக் கடைகளுக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை நடக்கும். விடிந்ததும் ஆட்டோவில் மூட்டைகள் வந்து இறங்கிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கத்தியோடு வந்து வட்டமாக உட்காருவார்கள். ஃபேன் போட முடியாது. போட்டால் சருகு வீடு முழுக்கப் பறந்து சோற்றுப் பானைவரைக்கும் போகும். கண்ணும் மூக்கும் ஒழுக, வியர்வையில் ஊறிக்கொண்டே உரிக்க வேண்டும். பரீட்சை அன்றைக்கு அவர்களையெல்லாம் சந்துக்குத் துரத்திவிட்டாள் அஜீஸுன்னிசா. சாக்கைக் கட்டி நிழல் பண்ணிக்கொடுத்து, “ஒருத்தியும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தா வெங்காயத்தை வாயில திணிச்சுருவேன்” என்று சொல்லி வைத்தாள். பின்னறை வாசலில் அவளே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

செல்போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்து எழுதினாள் ஃபாயிஸா. தலையில் துணி இருக்கக்கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும் என்றது பரீட்சையைக் கண்காணிக்கிற ஆப். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் போதாது என்றது. ஜன்னலைத் திறந்து வைத்தாள். இரண்டும் அது சொல்லிச் செய்ததுதான்.

சாயங்காலத் தொழுகைக்கான அஸர் நேரம் வந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் பாங்குச் சத்தம் உள்ளே வந்தது. பாங்கு சொன்னால் பேகம்பூர்ப் பெண்களுக்குக் கை தானாக முக்காட்டுக்குப் போகும். சோறு பிசைந்துகொண்டிருந்தாலும் போகும், சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் போகும். யாராவது ஒருத்தி ‘பாங்கு’ என்று ஞாபகப்படுத்துவாள். பேச்சு நின்றுவிடும். பள்ளிவாசலில் சொல்கிற வார்த்தையை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வார்கள். பால்குடி மறந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. ஃபாயிஸா தோளில் கிடந்த துணியைத் தலைக்கு இழுத்தாள். இழுத்த வேகத்தில் துணி ஒரு கணம் முகத்தில் விழுந்தது. உதடு அசைந்தது. வாசல் பக்கமிருந்து ஒரு பெண் குரல், “ஃபாயிஸா, பாங்கு” என்றது.

அது அஜீஸுன்னிசாவின் குரல்தான். ஊரையெல்லாம் வாயை மூடச் சொல்லிவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தவள் அவள்தான்!

திரையில் ஃபாயிஸாவின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. அடுத்து உதட்டைச் சுற்றி ஒன்று. அப்புறம் கீழே ‘பிறர் குரல்’ என்று ஓடியது.

“அட ஆண்டவனே” என்றாள் அஜீஸுன்னிசா. “இது பாங்கு சார். முக்காடு போடுறா. இது உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்மா.”

“அப்ப அந்த மிஷின்கிட்ட சொல்லுங்களேன்.”

“மிஷின் பெங்களூர்க் கம்பெனியுது. ரிப்போர்ட்டை நாங்க மாத்த முடியாது. மாத்துனா அது பதிவாயிரும்.”

“சேவுகம்பட்டிப் பிள்ளை ஒண்ணு இதே பரீட்சை எழுதுச்சுல்ல, ஜீவிதான்னு. அது வீட்டுல நாய் விடாமக் குரைச்சுச்சாம். அது பாஸாயிருச்சே?”

ராயப்பராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நாய் மனுசக் குரல் இல்லையேம்மா. அதை மிஷின் கண்டுக்காது” என்றார்.

அஜீஸுன்னிசாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் முழுங்கினாள். “நாய் குரைச்சா சரி. பாங்கு சொன்னாக் குத்தம். இது தோல்காரவுக காலேஜு. நல்லா இருக்கு சார் உங்க படிப்பு.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உள்ளதைச் சொல்றேன், வெளிய சொல்லிராதீங்க. ஆன்லைன் பிரிவை மேம்படுத்துறோம்னு கமிட்டி போட்டுருக்காங்க. டெல்லியில இருந்து ஆய்வுக்கு வாராங்க. பரீட்சையில எத்தனை தில்லுமுல்லு புடிச்சோம், எப்படித் தீர்த்து வச்சோம்னு காட்டணும். ஒண்ணுமே புடிக்கலைன்னா சிஸ்டம் வேலை செய்யலைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. காட்டுனா நல்ல கிரேடு குடுப்பாங்க.”

“நெசமாவே காப்பியடிச்சவனைக் காட்ட வேண்டியதுதானே?”

“அவன் மிஷினுக்குத் தெரியாமத்தானேம்மா அடிக்கிறான்.”

மேம்படுத்துகிறார்களாம்! படிப்புச் சொல்லிக் கொடுப்பதை மேம்படுத்தியிருந்தால் அவள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள். முதல் வருஷம் ஃபாயிஸாவுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் வாத்தியார் ஒருவர் போனில் பேசுவார். காது வலிக்க வலிக்கப் பேசுவார் அந்த மனுசன். மேம்பாடு வந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது சந்தேகத்தை எழுதி அனுப்பினால், ‘உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம்’ என்று பதில் வருகிறது. அதற்கப்புறம் ஒன்றும் வராது. பிள்ளை தானே முட்டி மோதிப் படித்ததுதான் மிச்சமெல்லாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு அல் அமீன் உள்ளே வந்தார். காலேஜின் செயலாளர். கட்டின முதலாளிகளில் ஒருவரின் பேரன். சலாம் சொன்னார். சிரித்தார். அவரும் முதலில், “சமோசா எடுத்துக்கலையாக்கா?” என்றுதான் கேட்டார்.

“உங்க வீட்டுல பாங்கு சொன்னா பொம்பளையாளுக முக்காடு போட மாட்டாகளா பாய்?” என்றாள் அஜீஸுன்னிசா எடுத்த எடுப்பில்.

“போடாம இருப்பாங்களா? அது வேறக்கா. இது பரீட்சை. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?” அல் அமீன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சொந்தத் தம்பிபோல் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். “நம்ம பிள்ளையை நாமளே கைவிடுவமா? வழி இருக்கு. பிள்ளை கேமரா முன்னாடி வந்து, தெரியாம நடந்துருச்சு, என் தப்புதான்னு ஒரு ரெண்டு வார்த்தை சொல்லட்டும். கேசு முடிஞ்சுரும். மறுநாளே சர்ட்டிபிகேட் கையில.”

“செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லணுமா?”

“ஒரு ஃபார்மாலிட்டிக்கா. ஃபைலுக்கு. ஆய்வுக்கு வர்றவங்க பாப்பாங்க, அம்புட்டுத்தான். வெளிய ஒரு ஈ காக்காய் பாக்காது. நான் பொறுப்பு.”

அல்லாஹ் பேரில் சத்தியம் செய்யாததுதான் பாக்கி. அஜீஸுன்னிசா எழுந்து வெளியே வந்தாள். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஏ.சி. குளிருக்கு அது எவ்வளவோ தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் அவள் புருஷன் மைதீன் பிச்சை தோல் மண்டியிலிருந்து வந்தார். வருகிற தோலுக்கெல்லாம் உப்புத் தடவி அடுக்குகிற வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் குழம்பு பட்டாலே சுரீர் என்று எரியும் அவருக்கு. கிணற்றடியில் நின்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சோறும், கத்திரிக்காய் தாளிச்சாவும், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக அப்பளமும் வைத்தாள். வைத்துக்கொண்டே நடந்ததைக் கொட்டித் தீர்த்தாள்.

“மாப்புதானே கேக்கச் சொல்றாக. கேட்டுட்டுப் போகட்டும்” என்றார் மைதீன் பிச்சை.

“என்னங்க இப்புடிச் சொல்றீக? செய்யாத தப்புக்கா?”

“நான் தினமும் கேக்குறேன். தோலை உரிக்கையில கத்தி பட்டு ஓட்டை விழுந்தா அது உரிச்சவன் தப்பு. மன்னிச்சுக்கங்க மொதலாளின்னு சொல்றது யாரு? நானு. நாக்கு என்ன தேஞ்சா போச்சு?”

“உங்க அத்தா கல்லு செமந்த காலேஜுங்க அது.”

“செமந்தாரு. அவரு பேருக்கா எழுதி வச்சாக? குழம்பை ஊத்து புள்ள.”

“கருமம். சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?” என்று கரண்டியைச் சட்டியில் போட்டாள். தாளிச்சா அவர் சட்டையில் தெறித்தது. அவர் அதை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். அந்த மனுசனிடம் சண்டைகூடப் போட முடியாது.

ஃபாயிஸா அதுவரை சுவரோரம் உட்கார்ந்து நாளைக்கான வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகலைத் தனியாக எறிந்துகொண்டே பேசினாள்.

“நான் போயிச் சொல்லிட்டு வாரேன்ம்மா.”

“நீ வாயை மூடு. நாளைக்கு நான் ஜமாத்துல போயிப் பேசுறேன்.”

“ஜமாத்துல யாரு இருக்கா? அவுகளேதான் அங்கயும் இருக்காக. நீ போனா அங்கயும் உனக்கு டீ குடுப்பாக. அதுக்குள்ள திங்கக்கிழமை போயிரும்.”

“போனாப் போகுது. அடுத்த வருசம் எழுது.”

“எழுதுறேன். அதே மிஷினு, அதே ஜன்னலு, அதே பாங்கு. அப்ப மட்டும் கை போகாதா எனக்கு? கையைக் கட்டியா போட்டுக்க முடியும்?” கையிலிருந்த அழுகலை எறிந்தாள் ஃபாயிஸா. “எனக்கும் அருவருப்பாத்தாம்மா இருக்கு. நினைச்சாலே உடம்பெல்லாம் என்னமோ ஊறுது. உன் கூட உக்காந்து உரிக்கிறதுல எனக்கு ஒரு அசிங்கமும் இல்ல. ஆனா மூணு வருசம் படிச்சுட்டு உரிக்க முடியாதும்மா. என்னால ஆகாது. எனக்கு அந்த நாக்காலி வேணும்.”

பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அஜீஸுன்னிசாவும் அழுகல் பொறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் இரண்டு பேருமாகப் போனார்கள். முன்னே நூலகமாக இருந்த அறையில்தான் இப்போது ஸ்டுடியோ. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கம்பெனிப் பையன் ஒருவன் கேமராவை வைத்திருந்தான். ஃபாயிஸா படிக்க வேண்டியது கேமராவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஓடியது.

“நான் ஃபாயிஸா. தேர்வின்போது முகத்தை மறைத்தேன். உதட்டை அசைத்தேன். என் அறையில் பிறர் குரல் கேட்டது. இவை என் தவறுகள். இதற்காக வருந்துகிறேன். என்னைப் போல் நீங்களும் செய்யாதீர்கள்.”

“நீங்களும்னா யாரு? ஃபைலுக்குன்னுதானே சொன்னீக? ஃபைல் பரீட்சை எழுதப்போகுதா?” என்று அஜீஸுன்னிசா ராயப்பராஜைக் கேட்டாள்.

“அது சும்மா ஒரு வாசகம்மா” என்றார் அவர், தரையைப் பார்த்து.

கம்பெனிப் பையனுக்கு முதல் தடவை பிடிக்கவில்லை. வேகமாகச் சொல்கிறாளாம். இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. முறைக்கிற மாதிரி இருக்கிறதாம். “கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுங்க சிஸ்டர். கண்ணு லேசாக் கலங்கினா நல்லாருக்கும்” என்றான்.

“வெங்காயம் வேணுமா தம்பி? மடியில வச்சிருக்கேன்” என்றாள் அஜீஸுன்னிசா. நிஜமாகவே மடியில் கையை விட்டாள். பையன் திகைத்துப்போய் ராயப்பராஜைப் பார்த்தான். ராயப்பராஜ் ஜன்னலைப் பார்த்தார். ஃபாயிஸா மட்டும் அசையாமல், “இன்னொரு தடவை எடுங்க” என்றாள். அந்தத் தடவை கண் கலங்காமலே, குரலைத் தழைத்து, வருத்தத்தை அளந்து போட்டுச் சொல்லி முடித்தாள். எங்கே கற்றுக்கொண்டாள் இதையெல்லாம் என்று அஜீஸுன்னிசாவுக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் குழாயடியில் நின்று ஃபாயிஸா வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். போதும்டி, வா என்று அஜீஸுன்னிசா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சொன்னபடி சர்ட்டிபிகேட் வந்தது. நல்ல மார்க். ஃபாயிஸா மில் ஆபீஸில் சேர்ந்தாள். காலையில் ஒரு டிபன் டப்பாவோடு மில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். விரல் நுனியில் வெங்காயக் கறை மங்கி நகம் வெளுத்துவிட்டது. சம்பளத்தில் அத்தாவுக்குக் கைக்குக் களிம்பு வாங்கி வந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. காலேஜுக்கு ஆய்வுக்காரர்கள் வந்து போனார்கள். நல்ல கிரேடு கிடைத்ததாகப் பேகம்பூரெங்கும் பேனர் கட்டினார்கள். பேனரில் அல் அமீன் கும்பிட்டபடி சிரித்தார். அஜீஸுன்னிசா அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப்போகப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். சருகு நமுத்து விரலில் ஒட்டிக்கொண்டு உரிக்கவே முடியாத நாள் அது. கூட உரிக்கிற பக்கத்து வீட்டுக்காரியின் மகள் பாஸிலா செல்போனோடு வந்தாள். ப்ளஸ் டூ முடித்திருந்த பிள்ளை. தோல்காரவுக காலேஜில் ஆன்லைனில் சேர்ந்திருந்தாள்.

“எங்க வீட்டுல சிக்னல் நிக்க மாட்டேங்குது பெரியம்மா. இங்க உக்காந்துக்கிறவா? இன்னைக்குத்தான் மொதப் பாடம் வந்துருக்கு.”

“உக்காரு. கால்ல வெங்காயத்தை மிதிச்சுராத.”

பாஸிலா சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனை ஓடவிட்டாள். ‘நான் ஃபாயிஸா’ என்றது போன்.

அஜீஸுன்னிசா நிமிர்ந்தாள். உரித்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள். ‘முகத்தை மறைத்தேன்’ என்றது அந்தத் தழைந்த குரல். ‘உதட்டை அசைத்தேன்.’

“பெரியம்மா, நம்ம ஃபாயிஸா அக்கா! அக்கா என்ன செஞ்சுச்சு?”

“நிறுத்துடி அதை.”

“நிறுத்த முடியாது பெரியம்மா. முழுசா ஓடினாத்தான் அடுத்தது வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுதான் மொதப் பாடம்.”

முழுசும் ஓடியது. உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் குனிந்து கத்தியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குனிந்துகொண்டதில்தான் அஜீஸுன்னிசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. பாஸிலா வாய்விட்டுப் படித்தாள்.

“இந்த மாணவி செய்த தவறு என்ன? ஒன்று, முகத்தை மறைத்தது. இரண்டு, உதட்டை அசைத்தது. மூன்று, பிறர் குரல். நான்கு, மேற்கண்ட அனைத்தும்.” தலையைத் தூக்கினாள். “இதுல எதை அமுக்கணும் பெரியம்மா?”

அஜீஸுன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. “எந்திரி. போனை எடு. எதை அமுக்கணும்னு அந்த அல் அமீனைப் பெத்தவகிட்டயே கேப்போம், வா” என்று அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அல் அமீனின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவருடைய அம்மாதான் கதவைத் திறந்தது. வயசானவர், தங்கமான மனுஷி. நோன்புக்கு அந்தத் தெருவுக்கே கஞ்சி ஊற்றுகிறவர். நனைந்து நின்ற இருவரையும் பார்த்துப் பதறி, உள்ளே இழுத்து, துண்டு கொடுத்து, வேலைக்காரியிடம் சர்பத் கரைக்கச் சொன்னார். சத்தம் கேட்டு அல் அமீன் பேப்பரும் கையுமாக வந்தார்.

“பாருங்கம்மா” என்று அஜீஸுன்னிசா போனை அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். பாஸிலா முதலிலிருந்து ஓடவிட்டாள். ஃபாயிஸாவின் முகம் மறுபடியும் சொன்னது, மறைத்தேன், அசைத்தேன், பிறர் குரல் கேட்டது.

“யாரு இந்தப் புள்ள? லட்சணமா இருக்கே” என்றார் அல் அமீனின் அம்மா.

“எம் மகம்மா. பரீட்சை எழுதிட்டிருக்கையில பாங்கு சொல்லிருச்சு. முக்காடு போட்டா. பாங்குக்குப் பதில் சொன்னா. அதுக்கு உங்க மகன் எம் பிள்ளையைத் தப்புக்காரியாக்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடமா ஓடவிட்டுருக்காரு. வெளிய ஒரு ஈ காக்காய் பாக்காதுன்னு சொன்ன வாயி அது.”

“அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் போட்டுருப்பான்” என்றார் அல் அமீன். “எடுக்கச் சொல்றேன். அடுத்த கமிட்டியில வச்சு…”

“அடப் பாவமே” என்றார் அந்த அம்மா. நிஜமாகவே அவருக்கு மனசு கஷ்டப்பட்டது. முகத்திலேயே தெரிந்தது. “ஏன்டா, இப்புடியா செய்வீக?” என்று மகனைக் கடிந்துகொண்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். அஜீஸுன்னிசாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் ஈரம் பட்டதுபோல் இருந்தது. இந்த ஒரு வீட்டிலாவது ஒருத்தி கேட்டாளே என்று நினைத்தாள்.

“இதுல என்னமோ கேக்குதே” என்று அந்த அம்மா போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“கேள்விங்க. பதில் அமுக்கினாத்தான் எனக்கு ரெண்டாம் பாடம் திறக்கும்” என்றாள் பாஸிலா.

“நீங்களே சொல்லுங்கம்மா, எது எம் பிள்ளை செஞ்ச தப்பு?” என்றாள் அஜீஸுன்னிசா.

அந்த அம்மா எழுத்துக் கூட்டி நாலையும் படித்தார். யோசித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“மொகத்துல துணி விழுந்துச்சு. ஒதடும் அசைஞ்சுச்சு. யாரோ பேசியும் இருக்காக. மூணும் நடந்துருக்குல்ல? அப்ப இதுதானே சரியா வரும்? பாவம், இந்தப் புள்ள படிப்பு எதுக்கு நிக்கணும்” என்று சொல்லி, கடைசியாக இருந்ததை விரலால் அமுக்கினார்.

போன் பச்சையாக மின்னியது. ‘சரியான விடை! வாழ்த்துகள்!’ என்றது. அல் அமீன் மூச்சை விட்டார்.

“தொறந்துருச்சு பெரியம்மா!” என்று கத்தினாள் பாஸிலா.

வேலைக்காரி சர்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அஜீஸுன்னிசா கிளாஸைத் தொடவில்லை.

“அந்தப் பிறர் குரல் நான்தாம்மா” என்றாள்.

போனில் அதற்குள் அடுத்த பாடம் ஓட ஆரம்பித்திருந்தது. அல் அமீனும் அவர் அம்மாவும் பாஸிலாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.